முகமும் பெயரும்: மோட்டார் கார்கள் நமக்குக் கூறுவன

(சாமராஜநகர் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

     

புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் எழுத்தர் ஒருவர் மோட்டார் கார்களைப் பற்றிப் பேச எழுந்தால், "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் நகைக்கக்கூடும். விடை நம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் இருப்புப்பாதை சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆசனூர், திம்பம், பண்ணாரி என்று காட்டின் வழியே, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சத்தியமங்கலம் சேர வேண்டுமானால் சாலையே கதி. ஆகவே வண்டி வந்து நின்றதும் பயணிகள் நாடிச் செல்வது நிலையத்து முற்றத்தில் நிற்கும் கார்களைத்தான். இருபது ஆண்டுகளாகச் சீட்டுச் சாளரத்தின் இப்புறம் அமர்ந்து அம்முற்றத்தை நோக்கி வருகிறோம். மனிதர் மாறியதைக் காட்டிலும் விரைவாகக் கார்களின் முகங்கள் மாறியதைக் கண்டோம்.

மற்றொரு காரணமும் உண்டு. சென்ற ஆடி மாதத்துச் செயற்குழுவில் நம் இளைஞர்கள் ஒரு கோரிக்கை கொண்டுவந்தார்கள். சங்கத்தின் பழைய சின்னமாகிய குத்துவிளக்கையும் ஏட்டுச் சுவடியையும் நீக்கிவிட்டு, புதுமுறையில் எளிய சின்னம் ஒன்று வரைய வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழோடு கன்னட எழுத்தும் இடம்பெற வேண்டும் என்றார்கள். யாம் எழுந்து, "முன்னோர் வைத்த முகத்தை மாற்ற நாம் யார்?" என்று சற்றுக் கடுமையாகவே மறுத்தோம். ஓர் இளைஞர் அமைதியாக, "ஐயா, உங்கள் அப்பா ஓட்டிய அம்பாசடர் எத்தனை முறை முகம் மாறியது என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அன்று விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடிய முயற்சியே இன்றைய பேச்சு.

முதலில், காருக்கு முகம் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆதியில் மோட்டார் கார் குதிரை இழந்த கோச்சு வண்டியாகவே இருந்தது. எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர்ப் பெட்டியாகிய ரேடியேட்டர் காற்றுப் படுவதற்காக வண்டியின் முன்னே நின்றது. அது தேவைக்காக வைத்த உறுப்பு. ஆனால் தெருவில் எதிரே வருவோர் முதலில் காண்பது அதுவே ஆகையால், ஒவ்வொரு தொழிலாளரும் அதன் விளிம்பைத் தமக்குரிய வடிவில் அமைத்தனர். ரோல்ஸ் ராய்ஸ் அதற்குக் கிரேக்கக் கோவில் முகப்பின் வடிவம் தந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1933-இல் இரு சிறுநீரகங்கள் அருகருகே நிற்பது போன்ற வடிவத்தைக் கொண்டது; இன்றும் அதை விடவில்லை. பின்னர் ரேடியேட்டர் உள்ளே மறைந்தது. வெளியே நின்ற கம்பி வரிசையாகிய கிரில் மட்டும் முகமாக நிலைத்தது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை ஒரே வகையான மாடல் டி காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார். பல ஆண்டுகள் அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. மலிவும் உறுதியுமே அதன் அழகு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் வேறு வழி கண்டனர். 1927-இல் கார்களின் வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் என்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ஹார்லி ஏர்ல் என்பவரை அதன் தலைவராக்கினர். ஆண்டுதோறும் முகம் மாற்றி, சென்ற ஆண்டு வாங்கியவனுக்கு இந்த ஆண்டு புதியதன்மேல் ஆசை உண்டாக்குவது அவர்கள் கொள்கை. 1948-இல் கெடிலாக் காரின் பின்புறத்தில் ஆகாய விமானத்தைப் பார்த்துச் செய்த சிறு வால்துடுப்பு முளைத்தது. அது வளர்ந்து வளர்ந்து 1959-இல் மீனின் துடுப்புப்போல் நிமிர்ந்து நின்றது. பிறகு சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. அத்துடுப்பால் கார் ஓர் அடிகூட அதிகமாக ஓடவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓடிய பழைய கார்கள் எல்லாம் நம்மைப் போன்றவையே. பிறந்த ஊர் ஒன்று, பிழைத்த ஊர் ஒன்று. 1950-களின் நடுவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பாகங்களைக் கொணர்ந்து இங்கே பூட்டி விற்பதை அரசாங்கம் ஊக்குவிக்கவில்லை. ஆகவே போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலகின. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார்த் தொழிற்சாலைகளே முதன்மையாக நின்றன.

இங்கிலாந்தின் மாரிஸ் கம்பெனி ஆக்ஸ்போர்டு நகரத்தது. எருது ஆற்றைக் கடக்கும் துறை என்பது அந்நகரப் பெயரின் பொருள். ஆற்றைக் கடக்கும் எருதே மாரிஸ் காரின் சின்னம். அந்த ஊரின் பெயரையே தாங்கிய மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார் கடல் கடந்து வந்து, முதலில் லேண்ட்மாஸ்டர் என்றும், 1950-களின் இறுதியில் அம்பாசடர் என்றும் பெயர் கொண்டது. அம்பாசடர் என்றால் தூதர். அயல்நாட்டில் தம் நாட்டின் முகமாக நிற்பவர் தூதர் அன்றோ! கிரில்லின் கட்டங்கள் மாறின. முன்விளக்கின் அருகே இருந்த சிறு விளக்குகள் மாறின. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று அடைமொழிகள் மாறின. ஆயினும் பருத்த தோளும் உருண்ட கூரையும் மாறவில்லை. அமைச்சரின் வெள்ளைக் காரும் வாடகைக்கு ஓடிய மஞ்சள் கூரைக் காரும் ஒரே உடல்.

இத்தாலியிலிருந்து வந்த பியட் 1100 பம்பாயில் வேரூன்றியது. தொடக்கத்தில் அதன் முன்கதவுகள் பின்புறமாகக் கீல் வைத்து, நாம் இன்று திறப்பதற்கு நேர் மாறாகத் திறக்கும். 1964-இல் வந்த வடிவத்தின் பின் ஓரங்களில் மெல்லிய துடுப்பு ஒன்று இருந்தது. மேலே கூறிய அமெரிக்கத் துடுப்பின் எதிரொலியே அது. அமெரிக்கா அதைக் கைவிட்ட பின்னும் நம் தெருக்களில் அது நெடுங்காலம் ஓடிற்று. 1970-களில் பியட் என்ற பெயர் போய், பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974-இல் சித்தூர் ராணியின் பெயரால் பத்மினி என்றும் அழைக்கப்பட்டது. உடல் அதே உடல். நம்மவர் நாவிலும் பியட் என்ற பெயரே நின்றது. அரசாங்கப் பதிவேட்டில் பெயரை மாற்றலாம். ஊரார் வாயில் மாற்ற ஒரு தலைமுறை ஆகும். மும்பையின் கடைசிப் பத்மினி வாடகைக் கார்கள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன.

மூன்று தொழிற்சாலைகளும் முகம் மாற்ற அவசரப்படாததற்குக் காரணம் ஒன்று உண்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் அக்காலத்தில் கார் கிடைக்கும். சீட்டுச் சாளரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். வரிசை நீளமாக இருக்கும்போது சாளரத்தின் உள்ளே இருப்பவர் சிரித்த முகம் காட்டுவது அரிது.

மூன்றாவதாகிய ஸ்டாண்டர்டின் கதையே நாம் கருத்தூன்றிக் கேட்க வேண்டியது. அது நம் சென்னையின் கதை. இங்கிலாந்தில் 1903-இல் தொடங்கிய அக்கம்பெனி, உயர்ந்த தரம் என்னும் பொருளில் ஸ்டாண்டர்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளில் ஆங்கிலத்தில் அச்சொல்லின் மதிப்புக் குறைந்தது. கூடுதல் வசதியுள்ளதை டீலக்ஸ் என்றும், ஒன்றும் இல்லாத வெறும் வண்டியை ஸ்டாண்டர்டு என்றும் விளம்பரங்கள் பேசத் தொடங்கின. அதனால் அங்கே 1963-இல் அப்பெயரையே கைவிட்டு, டிரயம்ப் என்ற பெயரில் விற்றார்கள். சென்னையிலோ அப்பெயர் மேலும் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தது. நம்மவர் இன்றும் 'ஸ்டாண்டர்டான சரக்கு' என்றால் உயர்வாகவே கொள்கிறோம்! பெற்ற ஊரில் மதிப்பிழந்த பெயர் வந்த ஊரில் மதிப்போடு வாழ்ந்தது.

1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. வடிவம் வகுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. முன்புற மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று பழுது பார்க்கலாம். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் சென்னைத் தொழிற்சாலை செய்தது. நம் நாட்டுக் குடும்பம் பெரிது என்பதை அறிந்து செய்த மாற்றம் அது. 1972-இல் முகம் மாற்றி, கெஸல் என்று மான் இனத்தின் பெயர் சூட்டினர். அதுவும் சில ஆண்டுகளில் நின்றது.

பிறகு 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடல். நீண்டு தாழ்ந்து, அந்நாளைய இந்தியச் சாலையில் எவரும் திரும்பிப் பார்க்கும் அழகு. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது என்ன? 1940-களில் வான்கார்டு காருக்காக வகுத்த எஞ்சினின் வழிவந்த பழைய எஞ்சின்! விலையோ மிகுதி, எண்ணெய் குடிப்பதோ அதனினும் மிகுதி. 1988-இல் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திற்று. புதிய முகத்தை நம்பி வந்தவர்கள் பழைய எஞ்சினைக் கண்டு திரும்பினார்கள்.

இதற்கு நேர்மாறானது அம்பாசடர். 1990-களின் தொடக்கத்தில் அதன் பழைய உடலுக்குள் ஜப்பானின் இசுசு எஞ்சினை வைத்தார்கள். முகம் கிழவனின் முகம். ஓட்டம் இளைஞனின் ஓட்டம். அதன் பிறகும் இருபது ஆண்டுகள் அது உழைத்தது. இறுதியில் காலம் அதையும் முந்திச் சென்றது என்பது உண்மையே. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் வேலை நின்றது. ஆயினும் முகத்தை மட்டும் மாற்றியது மூன்று ஆண்டு, உள்ளத்தை மாற்றியது இருபது ஆண்டு என்ற கணக்கை நாம் மறக்கலாகாது.

இதே மைசூரில் மோட்டார் சைக்கிள் கதை ஒன்றும் உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டி 1961 முதல் இங்குள்ள ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவாயிற்று. 1970-களில் ஜாவா என்ற பெயர் நீங்கி, எஸ்டி என்ற பெயர் வந்தது. அதை நிறுவிய இரானி குடும்பத்தார் பாரசீகத்திலிருந்து வந்தோர் வழியினர். எஸ்டி என்பது அந்நாட்டின் யஸ்து நகரப் பெயரிலிருந்து பிறந்தது என்பர். பிழைக்க வந்த ஊரில் செய்த வண்டிக்கு மூதாதையரின் ஊர்ப்பெயரை வைத்தார்கள்! 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் அன்பர்கள் பழைய வண்டிகளைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக் காத்தமையால் அப்பெயர் சாகவில்லை. வேறொரு நிறுவனத்தின் முயற்சியால் 2018-இல் ஜாவாவும் 2022-இல் எஸ்டியும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. பலகையில் எழுதி வைத்தோரால் அன்று, நாள்தோறும் ஓட்டியவர்களால் அப்பெயர் பிழைத்தது.

வரிசையில் நின்று காத்திருந்த காலத்தை முடித்து வைத்தது மாருதி. 1983 டிசம்பர் 14-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை வழங்கினார். சிறிய உடல், லேசான எடை, ஜப்பானின் சுசுகி எஞ்சின். பெயர் மட்டும் வாயுவின் மைந்தனுடையது. 1986-இல் அதன் வடிவம் மாறியது. நம் முற்றத்தில் யாம் கண்ட இன்னொரு மாற்றம் நுட்பமானது. பழைய மாருதிகளின் மூக்கில் இறகு விரித்த எம் என்ற எழுத்து இருந்தது. அது மெல்ல நீங்கி, சுசுகியின் எஸ் என்ற எழுத்து அமர்ந்தது. 2007-இல் கம்பெனியின் பெயரும் மாருதி சுசுகி ஆயிற்று. சாலையில் எவரும் கலகம் செய்யவில்லை. ஏனெனில் மூடிக்குள் இருந்தது முதல் நாளிலிருந்தே சுசுகி எஞ்சின்தான். உள்ளே இருந்த உண்மை வெளியே வந்தது, அவ்வளவே.

பெங்களூரிலிருந்து மைசூர் வரும் பாதையில் பிடதியைக் கடக்கும்போது டொயோட்டா தொழிற்சாலையைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியாது. 2000-இல் அங்கிருந்து குவாலிஸும், 2005-இல் இன்னோவாவும் வந்தன. திம்பம் மலைப்பாதையில் அம்பாசடர் செய்த வேலையை இன்று பெரிதும் இன்னோவா செய்கிறது. அதே பிடதியில் 2022 முதல் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஒன்று டொயோட்டாவின் ஹைரைடர். மற்றொன்று சுசுகியின் கிராண்ட் விட்டாரா. ஒரே கொட்டகை, ஒரே எலும்புக்கூடு. முகமும் சின்னமும் வேறு. அப்படியானால் சின்னம் வெறும் தகரமா? இல்லை. நாளை வண்டி பழுதாகி நின்றால் யாரை நாடிப் போவது, யார் பொறுப்பு ஏற்பார் என்பதை அச்சின்னம் சொல்லுகிறது. சின்னம் என்பது ஒரு வாக்குறுதி. காப்பாற்றினால் அது பொன், தவறினால் தகரம்.

இப்போது மின்சாரக் கார்கள் முற்றத்துக்கு வரத் தொடங்கியுள்ளன. அவற்றுக்குப் பழைய எஞ்சின் இல்லை; ஆகவே பெரிய கிரில்லும் தேவை இல்லை. ஆயினும் சில கம்பெனிகள் அவ்விடத்தை மூடி, பழைய கிரில்லின் வடிவத்தை மட்டும் காக்கின்றன. முன்னே கூறிய பி.எம்.டபிள்யூ.வின் இரட்டை வடிவமும் அவ்வாறே மின்சாரக் காரிலும் நிற்கிறது. பயனுக்காகப் பிறந்த உறுப்பு அடையாளத்துக்காக நிலைத்துவிட்டது.

அன்பர்களே! இதைக் கண்டபோது நம் நிலை எம் நினைவுக்கு வந்தது. சத்தியமங்கலத்துச் சந்தையில் தமிழ் இல்லாமல் ஒரு கத்தரிக்காய் வாங்க முடியாது. அங்கே தமிழ் பயனுக்குரியது. நம்மை அன்போடு வாழவைக்கும் இக்கன்னட நாட்டில் கடைவீதிக்குக் கன்னடம் போதும், அலுவலகத்துக்கும் போதும். இங்கே நாம் தமிழைப் போற்றுவது தேவையால் அன்று, விருப்பத்தால். விருப்பத்தால் நிற்பது உள்ளே ஓட்டம் இருக்கும்வரை முகம். ஓட்டம் நின்றால் முகமூடி.

ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறோம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு காலத்தில் பாய் போதாமல் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்தார்கள். சென்ற ஞாயிறு யாம் போய்ப் பார்த்தபோது ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் எழுத்துக்கூட்டாமல் படித்தவர் இருவர். எம் மகன் அவ்விருவரில் ஒருவன் அல்லன். குத்துவிளக்குச் சின்னத்துக்காகக் குரல் உயர்த்திய யாம், சொந்த மகனை ஞாயிறுதோறும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லவில்லை. பழைய சின்னத்தைக் காத்துக்கொண்டே எஞ்சினைத் துருப்பிடிக்க விட்ட குற்றம் எம்முடையது.

ஆகவே இளைஞர்களுக்கு எம் விடை இது. புதிய சின்னம் வரையுங்கள். பலகையில் கன்னட எழுத்தும் வரட்டும். நம் அண்டை வீட்டார் நம் பெயரைப் படித்தறிவது நமக்குப் பெருமையே. வரும் செயற்குழுவில் எம் கை உங்களுக்காக உயரும். ஆனால் ஒரு வேண்டுகோள். சின்னம் வரையும் உங்களில் மூவர், மாதத்தில் ஒரு ஞாயிறேனும் அவ்வகுப்பில் வந்து கற்பிக்க வேண்டும். பாய் விரிக்கும் வேலையை யாம் ஏற்கிறோம். எம் மகனும் வருவான். இல்லையேல் நாம் செய்யப்போவது ஸ்டாண்டர்டு 2000.

முடிக்குமுன் எம் தந்தையாரைப் பற்றி ஒரு சொல். சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்து, பழைய அம்பாசடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டி எங்களை வளர்த்தவர் அவர். முழங்கால் ஒத்துழைக்காமல் 2004-இல் அதை விற்றபோது, பின்புறப் பெட்டியின் மூடியில் இருந்த வெள்ளிநிறப் பெயரெழுத்தை மட்டும் வாங்கியவரிடம் கேட்டுக் கழற்றிக்கொண்டார். அது எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இன்றும் இருக்கிறது. "வண்டியே போன பிறகு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது அப்பா?" என்று அன்று கேட்டோம். "பேராவது இருக்கட்டும் சாமி" என்றார். 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் செய்தி படித்தபோது, அவர் உயிரோடு இல்லை.

'பேராவது இருக்கட்டும்' என்பது எல்லாம் போனபின் சொல்லும் சொல். நம் சங்கத்தைப் பற்றி நம் பேரப்பிள்ளைகள் அதைச் சொல்ல நேராதபடி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து பார்ப்போமாக.